எலெக்ட்ரான் மேகமும் காஞ்சிபுரத்துக் கண்ணாடிகளும்

பினாங்கிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பிஸ்கட் டின்னும் தைலமும் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோனது ஒரு பெட்டி வெறும் கண்ணாடித் தகடுகள். சென்னையில் சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படம் எங்கம்மா?" என்றார். "இனிமேதான் வரும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூளை கலங்கியவள் என்று நினைத்திருக்கவேண்டும், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பினாங்கில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்த நேரம் போக, மூலக்கூறுக்குள் எலெக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போட்டே என் வயது போனது. ஒரு படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் படச்சுருளில் புள்ளி புள்ளியாக விழும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. அந்த அலைகளை எல்லாம் கூட்டினால் எலெக்ட்ரான் எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று எண்களாக வரும். அதிலிருந்து தனித்தனி அணுக்களின் பங்கைக் கழித்துவிட்டால், அணுக்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் மேகம் மட்டும் மிஞ்சும். எந்தக் கண்ணும் பார்த்திராத மேகம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. புள்ளியைப் பார்த்தால் அலை எவ்வளவு பெரியது என்று தெரியும், எந்த இடத்தில் ஏறத் தொடங்கியது என்று தெரியாது. அதை நாமேதான் ஊகித்துப் போடவேண்டும். தப்பாக ஊகித்தாலும் படம் வரும். நாம் மனசில் எதை வைத்துக்கொண்டு போட்டோமோ அதுவே திரும்ப வந்து நம்மைப் பார்க்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஒரு தீராத பயம்.

புத்தகப்படி என் மூலக்கூறு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும். என் கணக்கில் மேகம் ஒரு பக்கம் புடைத்து நின்றது. கணக்குப் பிழை என்றார்கள். பொம்பளை கணக்கு என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அந்த வாரச் சனிக்கிழமை சென்னையில் கருத்தரங்கு. அங்கே அந்தப் புடைப்பைக் கண்ணெதிரே நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று வந்திருந்தேன். மலையின் உயரத்தை வரைபடத்தில் கோடு கோடாகக் காட்டுவதில்லையா, அதுபோல ஒரே எண் உள்ள இடங்களைக் கோட்டால் சேர்க்கவேண்டும். ஒரு தகட்டில் ஒரு படலம். எல்லாத் தகடுகளையும் அடுக்கிக் கீழே விளக்கு வைத்தால் மேகம் உருவமாக எழுந்து நிற்கும். என் கை கோடு போட்டால் கோழி கிளறியது மாதிரி இருக்கும். சென்னைத் தோழி ஒருத்திதான், "காஞ்சிபுரத்துல சேலைக்கு டிசைன் போடறவங்க கையைப் பாரு, அப்புறம் பேசு" என்று அனுப்பிவைத்தாள்.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் டயர் வெடித்தது. "வண்டி படுத்துக்கிச்சு, எல்லாம் எறங்குங்க" என்றார் கண்டக்டர், ஏதோ நாங்கள்தான் படுக்கவைத்தது மாதிரி. புளியமரத்தடியில் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாள் பக்கத்தில் வந்து, "எந்த ஊரு?", "அங்க மழை பெய்யுதா?", "கண்ணாலம் ஆயிடுச்சா?" என்று வரிசையாகக் கேட்டாள். ஆகவில்லை என்றதும் கூட ஒரு பிஞ்சைக் கையில் திணித்தாள். எங்கள் ஊரில் படகுக்குக் காத்திருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

டிசைன் மாஸ்டர் ஏகாம்பரத்தின் வீடு நெசவாளர் தெருவில் இருந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். முதலில் தலையை வலித்தது, பிறகு காது அதை மறந்துபோயிற்று. ஏகாம்பரத்துக்கு நாற்பது வயது இருக்கும், ஒல்லி, மூக்கு நுனியில் கண்ணாடி. சேலைக் கரைக்கு வேண்டிய மாங்காயையும் மயிலையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பது அவர் தொழில். என் எண் தாள்களைப் புரட்டினார்.

"சேலைக்கு இல்லியா இது?"

"இல்லை மாஸ்டர். ஒரே எண்ணை எல்லாம் சேர்த்துக் கோடு போடணும். சைபருக்குக் கீழே போனா புள்ளிக்கோடு."

"போட்டா இன்னா உருவம் வரும்?"

"வந்த பிறகுதான் தெரியும்."

சிரித்தார். அவர் மனைவி ருக்குமணி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவோரம் நின்று வெறும் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வரச்சொன்னார்கள்.

செவ்வாயும் புதனும் ஊர் சுற்றினேன். விடுதியில் காலையில் வந்த இட்லியில் மிளகும் சுக்கும் தூக்கலாக இருந்தது. கஷாயத்தை அவித்துக் கொண்டுவந்துவிட்டார்களோ என்று பயந்தேன். மூன்றாவது இட்லியில் சமாதானம் ஆகி, மறுநாள் நானே கேட்டு வாங்கித் தின்றேன். காபி விஷயத்தில் எங்கள் ஊர்க் கருப்புக் காபி இந்த ஊர்க் காபியின் காலில் விழவேண்டும்.

புதனன்று திருமுக்கூடல் போனேன். மூன்று ஆறு கூடுகிற இடம் என்று சொன்னார்களே என்று ஆசையாகப் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். போகும்போதே ஜட்கா வண்டியின் குதிரை பாதி வழியில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. இதற்கா இந்தப் பாடு என்று வண்டிக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மணலைக் கையால் முழங்கை ஆழம் தோண்டினார். தண்ணீர் ஊறி வந்தது. "மேல இல்லம்மா, அடியில போய்க்கினு இருக்குது" என்றார். காதை வைத்துக் கேட்கச் சொன்னார். எனக்கு என்னமோ போல இருந்தது, மாட்டேன் என்றுவிட்டேன்.

வியாழன் காலை ஏகாம்பரத்தின் வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். இருவர் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பினாங்கில் என் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம், அதனால் புரிந்தது. "இந்த அம்மாதான் கொண்டுவந்தது" என்றாள் ஒருத்தி. "கும்பிடறதா, கும்பிடக்கூடாதா?" என்றாள் மற்றவள்.

நடு அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. நான் சொன்னபடியே மரப்பெட்டிக்குள் பல்பு எரிந்தது, மேலே தகடுகள் அடுக்கியிருந்தன. குனிந்து பார்த்தேன்.

ஒரு சிறுமி பார்த்தாள்.

கண் அசதி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அணுக்களின் இடத்தில் புள்ளிக்கோட்டால் ஆன இரண்டு பள்ளங்கள், கண்கள். நடுவே பிணைப்பு மேகம், சின்ன மூக்கு. கீழே மெல்லிய இரட்டைக் கோடு, உதடு. கண்ணாடியின் ஆழத்தில் அந்த முகம் மிதந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் கொஞ்சம் திரும்பியது. அடுக்கிவைத்த தகடுகள் அப்படித்தான் காட்டும், அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை ரோமம் எழுந்து நின்றது.

பெட்டியின் எதிரே ருக்குமணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் பால் ஆறி ஆடை படிந்திருந்தது.

"எங்க வசந்தி" என்றாள். அவள் குரலை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஏகாம்பரம் என்னை வெளியே கூட்டிவந்து சொன்னார். ஒரே மகள். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. "புள்ளைய போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு சொல்லுவாங்க. ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களையும் நிக்கவச்சிப் புடிச்சாங்க. அன்னிக்கு இவதான் புள்ளைய அனுப்பாம வீட்லயே வச்சிக்கினா. இப்போ புள்ள மூஞ்சே மறந்துபோவுதுன்னு தெனம் அழுவா. நேத்து லைட்டப் போட்டேன். அப்ப ஒக்காந்தவதான், இன்னும் சோறு தண்ணி இல்ல."

"நீங்க ஞாபகத்துல வச்சுப் போட்டீங்களா, மாஸ்டர்?"

"சத்தியமா இல்ல டீச்சரம்மா. உங்க நம்பரத்தான் புடிச்சிக்கினு போனேன்."

எண் தாளை வாங்கிக்கொண்டு தகடு தகடாகச் சரிபார்த்தேன். இடது பாதியில் ஒரு கோடுகூட எண்ணைவிட்டு விலகவில்லை. நான் பல வருஷம் போட்ட கணக்குதான் அந்தப் பிள்ளையின் பாதி முகமாகக் கிடந்தது. வலது பாதிக்கு வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கே ஒரு எண்ணும் பொருந்தவில்லை. இடது பாதியை அப்படியே திருப்பிப் போட்டிருந்தார்.

"என்ன மாஸ்டர் இது? இந்தப் பக்கம் என் எண்ணே இல்லையே!"

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானேமா இருக்கும்? கரைக்கு மாங்கா போட்டா நாங்க பாதிதான் போடுவோம். தறிக்கு அட்டையில ஓட்டை அடிக்கிறவரு மீதிய திருப்பி அடிச்சிப்பாரு. அந்தப் பழக்கம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடப்பாவி என்று வாய்வரை வந்தது. என் புடைப்பே அந்த வலது பாதியில்தான் இருந்தது. இதைக் கொண்டுபோய்ச் சனிக்கிழமை காட்டினால், பார்த்தீர்களா, இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். பாதியைத் திருப்பி ஒட்டினால் எதுவும் முகம் மாதிரித்தான் தெரியும், சுவரில் உள்ள ஈரக்கறைகூட. அது தெரிந்தவுடன் எனக்குக் கொஞ்சம் தைரியமும் வந்தது. பிளேடால் சுரண்டினால் வலது பாதி போய்விடும், சரியாகப் போட்டுக்கொள்ளலாம். முகமும் கூடவே போய்விடும். உள்ளே அந்த அம்மாள் பெட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கென்று வேறு தகடு தேடிக் கடைத்தெருவுக்கு ஓடினேன். சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் இருந்த கண்ணாடி பச்சையாக, அலை அலையாக இருந்தது. கோடு எதுவும் இருந்த இடத்தில் தெரியாது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தாயின் கண்ணெதிரே அவள் பிள்ளையைச் சுரண்டி எடுப்பதா? இல்லை, சனிக்கிழமை வெறுங்கையோடு போய் நின்று நாலு பேரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுக்கொள்வதா?

வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, தறிச் சத்தம் இல்லை. தெரு முழுக்க ஒரு தறியும் ஓடவில்லை.

"இன்னிக்கு அமாவாசை, தறியில ஒக்கார மாட்டாங்க" என்றார் முனைக் கடைக்காரர். அத்தனை நாள் சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதி காதை அடைத்தது. என் செருப்புச் சத்தம் எனக்கே யாரோ பின்னால் வருகிற மாதிரிக் கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ருக்குமணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, இதுல பாதிதான் என் கணக்கு. மீதி திருப்பிப் போட்டது. எங்க தொழில்ல ஒரு பயம் இருக்கு. நாம எதை ஆசைப்பட்டுப் போடறோமோ அதுவே படத்துல வந்து நிக்கும். நிஜமா இருக்கா, நம்ம ஆசையான்னு பார்க்க நாங்க ஒண்ணு செய்வோம். நம்ம மனசுல இருக்கறதைக் கணக்குல சேர்க்காம விட்டுட்டு மறுபடி போடுவோம். நிஜமா அங்க இருந்தா, நாம விட்டாலும் தானா வந்து நிக்கும். இல்லேன்னா வராது."

அவள் பெட்டியின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"அப்போ விட்டுப் பாருங்க" என்றாள். "எனக்கும் ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்குது. அவதான். ஆனா ஏதோ ஒண்ணு இல்ல. இன்னான்னு சொல்லத் தெரியல."

ஏகாம்பரத்திடம் பிரஷை நீட்டினேன். "இன்னிக்கு அமாவாசை, நான் தொட மாட்டேன்" என்றார். பிரஷுக்கு ஏது அமாவாசை என்று கேட்டேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

சரிதான், என் தலையெழுத்து என்று நானே சுரண்டினேன், நானே வரைந்தேன். காலையில் தொடங்கிய வேலை பிற்பகல்வரை இழுத்தது. என் கோடு கோணல்மாணல்தான், ஆனால் எண்ணை விட்டு இம்மி நகரவில்லை. முகம் இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாக ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே முடித்துக் கவிழ்த்து வைத்தேன். தெருவில் அரவமே இல்லை. கண்ணாடியில் பிரஷ் உரசுவதும் அந்த மனிதர் மூச்சு விடுவதும் மட்டும் கேட்டன.

அடுக்கினேன். ருக்குமணிதான் சுவிட்சைப் போட்டாள்.

என் புடைப்பு இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. வலது பக்கம் மேகம் திரண்டு, கீழ்நோக்கி வீங்கி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தைக்கூட ஒரு பிளவாக நெரித்திருந்தது. புத்தகம் சொன்னபடியும் இல்லை, கணக்குப் பிழையும் இல்லை. முகமும் இல்லை, ஒரு பக்கம் சரிந்த வெறும் கோடுகள்தான். மனசுக்குள் பாவமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அம்மாளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே திரும்பினேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இதான்" என்றாள். "இதான், இதான். எடது கன்னம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலது பக்கம்தானே என்று பார்த்தேன். எதிரே நின்று நம்மைப் பார்க்கிற பிள்ளைக்கு அது இடது கன்னம்.

"பல்லுல சீழ் வச்சி கன்னம் வீங்கிப்போச்சும்மா. கண்ணே மூடிக்கிச்சு. கன்னத்தப் புடிச்சிக்கினே கெடந்தா. அதுலதான் காய்ச்சல் வந்து..." என்று சொல்லி, "கடசியா நான் பாத்த மூஞ்சி இதாம்மா" என்றாள்.

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பாமலே பேசினார்.

"நான் மொதல்லயே போட்டேன் டீச்சரம்மா. பாதி மாங்கான்னு சொன்னது பொய். உங்க நம்பரு பாத்து அந்தப் பக்கமும் மூணு கண்ணாடி போட்டேன். கன்னம் வந்துச்சு. கை ஓடல. தொடச்சிட்டேன். இவ பாத்தா தாங்கமாட்டான்னு நல்ல பக்கத்தையே திருப்பிப் போட்டுட்டேன்."

அந்தக் கணக்கை நான் போடத் தொடங்கியபோது காஞ்சிபுரம் என்ற ஊரைப் படத்தில்கூடப் பார்த்தது கிடையாது. இப்படி ஒரு பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது, கன்னம் வீங்கியதும் தெரியாது. தற்செயல் என்றுதான் இன்றைக்கும் வகுப்பில் சொல்லுவேன். அன்று அந்த அறையில் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ருக்குமணி அழவில்லை. கண்ணாடிக்குள் விரலை விடமுடியாது என்று தெரிந்தும், அந்தப் பக்கத்தின்மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, இவ்ளோ கணக்கு போடறீங்களே. புள்ளைக்கு இன்னும் வலிக்குதான்னு அதுல தெரியுமா?"

தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது எண்ணுக்காகப் பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள்.

"தெரியும்மா" என்றேன். "வலி இல்லை. துளிகூட இல்லை."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன்."

அவள் ஆறிப்போன பால் தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள். தகடுகளுக்கு நடுவே பழைய பட்டுத் துணியை வைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்று நான் எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். "வலி இல்லன்னா போதும்மா. எடுத்துக்கினு போங்க, உங்க வேலை கெடவேணாம்" என்றாள். அப்புறம் கணவரைத் தொட்டு, "எழுந்து வா, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம் முடியாது என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டேன். ரோடு படுமோசம். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், வலிக்குமே என்று அந்தப் பக்கத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.